ரெண்டாவது சாவி

பஸ்ல ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடியாதுங்கய்யா, அதான் படிக்க ஆரம்பிச்சேன். ராஜா எப்படி ஆளணும்னு அந்தக் காலத்து மந்திரிங்க எழுதி வச்ச புத்தகங்க. அப்பத்தான் சோப்புக் கம்பெனியில என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தாங்க. இருபது பேரைக் கட்டி மேய்க்கணும். எனக்கோ அதட்டிப் பேசவே வராது.

என் பெண்டாட்டியோட தம்பியும் அங்கேதான் இருந்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். சோப்புக் கூழ் கலக்குற பெரிய தொட்டிக்குள்ள இறங்கி, ஒட்டினதைச் சுரண்டிக் கழுவுறது அவன் வேலை. தங்கமான பிள்ளை. நான் ஒண்ணு சொன்னா ஆளுங்க அவன் முகத்தைத்தான் பார்ப்பாங்க. அவன் தலையாட்டினாத்தான் வேலை நகரும். வெளியே சிரிச்சுக்கிட்டே நான் உள்ளுக்குள்ள வயிறெரிஞ்சேன்.

தொட்டியில இறங்குறவன் மெயின் சுவிட்சுல தன்னோட பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டுல வச்சுக்குவான். அவனே வெளியே வந்து திறக்குற வரைக்கும், முதலாளியே வந்து நின்னாலும் மெஷின் ஓடாது. அதுதான் எங்க வழக்கம். ராஜா கையில இல்லாத சாவி கோட்டைக்குள்ள இருக்கவே கூடாதுன்னு நான் படிச்சிருந்தேன். எல்லாப் பூட்டுக்கும் ரெண்டாவது சாவி என்கிட்ட இருக்கணும்னு உத்தரவு போட்டேன். அவசரத்துக்கு உதவும்னு காரணம் சொன்னேன். ஆளுங்க தயங்கினாங்க. என் மச்சினன்தான் முதல்ல கொண்டுவந்து கொடுத்தான்.

"மாமாகிட்ட இருந்தா என்கிட்ட இருக்குற மாதிரிதானே"ன்னான்.

அவன் கொடுத்த பிறகுதான் மத்தவங்களும் கொடுத்தாங்க. அதுவும் எனக்குப் பிடிக்கலை.

அன்னிக்கு எல்லாரும் ரெண்டு மணி நேரம் கூடுதலா இருந்து வேலை செய்யணும்னேன். வழக்கம்போல எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தாங்க. அவன், தொட்டியைக் கழுவிட்டு வந்து பேசிக்கலாம் மாமான்னு சொல்லிட்டு, பூட்டைப் போட்டு உள்ளே இறங்கிட்டான். ஆளுங்க சிரிச்சாங்க. கேலியாக்கூட இருக்காது, சும்மா சிரிச்சிருப்பாங்க. எனக்குச் சுருக்குனு தைச்சுது.

ரெண்டாவது சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். தொட்டிக்குள்ள கூழைக் கலக்குற துடுப்பு எடுத்ததும் மெதுவாத்தான் சுத்தும், போகப் போகத்தான் வேகம் பிடிக்கும். அரைச் சுத்து சுத்தினா பயந்துடுவான், அதோட நிறுத்திடலாம்னு கணக்குப் போட்டேன். சுவிட்சைப் போட்டேங்கய்யா. சொல்லவே நாக்கூசுது.

விளையாட்டுக்குத்தான் போட்டேன், சுவிட்ச் மாட்டிக்கிச்சு, நிறுத்த முடியலைன்னு முதல்ல ஸ்டேஷன்ல உங்ககிட்ட எழுதிக் கொடுத்தேன். ஆளுங்களும் அப்படித்தான் நினைக்கிறாங்க. தம்பியைப் பறிகொடுத்துட்டு, என் பெண்டாட்டி எனக்கு ஆறுதல் சொல்றா. "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க கையிலயா இருந்துச்சு?"ன்னு கேட்டு என் தலையைத் தடவிக் கொடுக்குறா. அவ கை படுறப்பல்லாம் கூனிக் குறுகிப் போறேன்.

சுவிட்ச் நல்லாத்தான் இருந்துச்சு. விரலை அதுமேல வச்சபடியேதான் நின்னேன். "மாமா, நிறுத்துங்க"ன்னு உள்ளே இருந்து கத்தினான். அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. எனக்கும் நல்லாவே கேட்டுச்சுங்கய்யா. இன்னொரு தடவை கெஞ்சட்டும்னு காத்திருந்தேன்.