முத்திரைக் கல்

— மூடி வை அந்தக் காகிதத்த. கையெழுத்துன்னு யாராச்சும் வாயத் தொறந்தாலே நான் எழுந்து போயிடுற ஆளு.

— எங்கய்யா போவீங்க, இது உங்க கடையாச்சே.

— வாய் இருக்கு உனக்கு. எந்த ஆபீசு? எடை அளவு ஆபீசா? என் கல்லு எல்லாத்துக்கும் இந்த வருஷ முத்திரை இருக்கு. போன மாசந்தான் வந்து சோதிச்சுட்டுப் போனாங்க.

— நான் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து வர்றேன்யா. பெரியாஸ்பத்திரிக்குப் பின்னாடி மஞ்சக் கட்டடம் இருக்குல்ல, அங்க டெக்னீஷியன். ரத்தம், முதுகுத்தண்டுத் தண்ணி இதெல்லாம் சோதிச்சுப் பாக்குற வேலை.

— எனக்கு எழுபத்திமூணு வயசு. பல்லு போச்சு, நாக்கு போகல. உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேற ஆளப் பாரு.

— உங்களுக்கு இல்லய்யா. உங்க வீட்டுக்காரம்மா விஷயம்.

— யாரு விஷயம்?

— உங்க வீட்டுக்காரம்மா. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி, ஆறு மாசக் கர்ப்பத்துல எங்க ஆஸ்பத்திரில சேத்தீங்க. வார்டு பதிவேட்டுல, கணவர் தொழில் தராசு ரிப்பேர்னு இருந்துச்சு. அத வெச்சுக்கிட்டு நாலு கடைத்தெரு அலைஞ்சுதான் உங்களப் புடிச்சேன்.

— செத்தவள எதுக்கும்மா எழுப்புற? போ. வியாபார நேரம்.

— அண்ணே, என் மிஷினு ஆச்சா? வண்டில காயெல்லாம் வாடிக் கெடக்கு.

— ஆச்சு காய்க்காரம்மா. கல்லு வெச்சுக் காட்டுறேன், பாத்துட்டு எடுத்துட்டுப் போ. இந்தா, ரெண்டு கிலோ முத்திரைக் கல்லு. என்ன காட்டுது?

— ரெண்டு.

— கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.

— ஏண்ணே, ஒரு அம்பது கிராம் தூக்கலாக் காட்டுனா கொறஞ்சா போயிடுவீங்க? பக்கத்து வண்டிக்காரனுது அப்படித்தான் காட்டுது.

— போன தடவையும் இதத்தான் கேட்ட. எங்கிட்ட வந்த மிஷினு நெசத்த மட்டுந்தான் பேசும். பொய் பேசணும்னா அதுக்கு வேற கடை இருக்கு.

— கேட்டா குத்தமா? சரி, இது யாரு, சொந்தமா?

— சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல. கையெழுத்து கேட்டு வந்திருக்கு.

— பாத்துண்ணே. எங்க மாமனார் ஒரே ஒரு கைநாட்டுல வீட்டையே விட்டுட்டு நின்னாரு. நான் வர்றேன்.

— கேட்டியாம்மா? ஊரே சொல்லுது. நீயும் கெளம்பு.

— கெளம்பறேன்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தம்மா மிஷினு சரின்னு எப்படிச் சொன்னீங்க?

— கண்ணு எங்க வெச்சிருந்த? கல்லு வெச்சேன்ல.

— கல்லு சரின்னு யாரு சொன்னா?

— அடியில குழி வெச்சு ஈயம் ஊத்தி, கணக்காச் செதுக்கி முத்திரை குத்தியிருக்கு. எடை தெரிஞ்ச கல்லு. தெரிஞ்சத வெச்சுத்தான் தெரியாதத நிறுக்கணும். இல்லாட்டி மிஷினு பொய் சொல்லுதா, நெசம் சொல்லுதான்னு சாமிக்கே வெளங்காது.

— எங்க வேலையும் அதேதான்யா. கண்ணாடித் தட்டுல ஒரு பொண்ணோட முதுகுத்தண்டுத் தண்ணிய ஒரு குழியில விட்டா, பக்கத்துக் குழியில இன்னொரு சொட்டு விடுவோம். அந்தச் சொட்டுல நோய் இருக்குன்னு நிச்சயமாத் தெரியும். மைக்ராஸ்கோப் வழியாப் பாத்தா அது பச்சையா மினுங்கணும். மினுங்கலன்னா அன்னைக்குச் சோதனையே தப்புன்னு எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லேருந்து ஆரம்பிப்போம்.

— சரி. அதுக்கு நான் என்ன பண்ணணும்?

— அந்தச் சொட்டு உங்க வீட்டுக்காரம்மாவுதுய்யா. எங்களுக்கு முத்திரைக் கல்லு அவங்கதான்.

— என்ன சொன்ன? அவள இன்னும் டப்பாவுல வெச்சிருக்கீங்களா?

— ஒரு சின்னக் குப்பிய்யா. சுண்டுவிரல் உசரம். ஃப்ரீசர்ல இருக்கு, துளித் துளியா நீர்க்கக் கலந்துதான் எடுக்கறோம். அன்னைக்கு இருந்த டாக்டருக்கு என்ன நோய்னே புரியல. பின்னால வர்றவன் யாராச்சும் கண்டுபிடிப்பான்னு எழுதி ஒட்டி வெச்சுட்டுப் போயிட்டாரு. பதினஞ்சு வருஷம் சும்மா கெடந்துச்சு. நோயக் கண்டுபிடிச்சப்புறம் பழைய குப்பிய எல்லாம் எடுத்துப் பாத்தப்ப, மொதல்ல மினுங்குனது அவங்களுது.

— யாரக் கேட்டு எடுத்தீங்க?

— உங்களக் கேட்டுத்தான்யா. காகிதத்துல உங்க கைநாட்டு இருக்கு.

— நான் வெக்கல.

— வருஷம் ஆயிடுச்சு, மறந்திருப்பீங்க.

— என் பேர மறந்தாலும் மறப்பேன், இத மறக்க மாட்டேன். முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும்னாரு டாக்டரு. முடியாதுன்னுட்டேன். ரெண்டு தடவ கேட்டாரு, ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டேன். அப்புறம் நீங்களா ஒரு விரலப் புடிச்சு அமுக்கியிருப்பீங்க. உங்க புத்தி எனக்குத் தெரியாதா?

— அதனாலதான்யா வந்தேன். அந்தக் காகிதத்துல தண்ணி எடுக்க மட்டுந்தான் சம்மதம் இருக்கு, இத்தன வருஷம் வெச்சுக்க இல்ல. இப்பப் புது விதி. குடும்பத்தக் கேட்டு எழுதி வாங்கணும். திங்கக்கிழமைக்குள்ள வாங்கலன்னா அழிச்சிடணும்.

— அழிச்சிடு.

— சரிய்யா.

— என்ன சரி? இதுக்கா நாலு கடைத்தெரு அலைஞ்ச?

— நீங்க வேணாம்னா நானே என் கையால அழிச்சிடறேன். ஆனா அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு யாராச்சும் வந்து சொன்னாங்களாய்யா?

— சொல்ல என்ன இருக்கு? எனக்கே தெரியும். நான்தான் கொன்னேன்.

— ஐயா.

— குறுக்க பேசாத. கேட்டல்ல, கேளு. கல்லுக்கு ஈயம் ஊத்துறது அவ வேலை. என் கை கொஞ்சம் ஆடும், அவ கை ஆடாது. வயித்துல புள்ளையோட அடுப்பு முன்னாடி குந்திக்கிட்டு ஊத்துவா. வேணாம்டின்னு ஒரு வார்த்த சொல்லல நான். ஒரு நாளு சொட்டு தெறிச்சுக் கட்டைவிரல்ல விழுந்துருச்சு. ஆறுன பின்னாடி பாத்தா, பொட்டு அளவுக்கு ரேகையே இல்லாம மொழுக்குன்னு ஆயிடுச்சு. அழுவான்னு பாத்தேன். சிரிக்கிறா. எனக்கும் முத்திரை குத்தியாச்சு, இனிமே என் எடையில யாரும் கொற சொல்ல முடியாதுன்னா.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. ஒரு மாசத்துல பேச்சு கொழறுச்சு. சுவத்தப் பாத்துத் திட்டுவா. சோறு வெச்சா வெஷம்பா. கை கால் இழுத்துக்கும். ஊரெல்லாம், ஈயப் புகை தலைக்கேறிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரில வெச்சு என் மூஞ்சில துப்பி, நீ யாருடான்னு கேட்டா. எட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ. நான் எழுந்து வெளிய வந்தவன்தான். வயித்துப் புள்ளையோட சேத்துப் பொணமாத்தான் குடுத்தாங்க. அவ அம்மா, பொணத்துக்கு முன்னாடி நின்னு, நீதாண்டா ஊத்த வெச்சுக் கொன்னுட்டன்னா. நெசந்தானே.

— நெசம் இல்லய்யா.

— ஆறுதலா? அதெல்லாம் வேற எங்கயாச்சும் போய்ச் சொல்லு.

— ஆறுதல் சொல்ல வரலய்யா. ஈயப் புகை கெடுதல்தான், வயித்துப் புள்ளைக்கு ரொம்பக் கெடுதல். அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க வீட்டுக்காரம்மாவக் கொண்டு போனது அது இல்ல. மூளையில நரம்பு செல்லெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கும். சேதிய வாங்கறதுக்கு ஒவ்வொரு செல்லு மேலயும் ஒரு புரதம் இருக்கு, வாசல் மாதிரி. சில பொம்பளைங்களுக்குச் சினைப்பையில ஒரு கட்டி வரும். அந்தக் கட்டியிலயும் அதே புரதம் இருக்கும். நம்ம உடம்புல நோய எதிர்க்கற காவல் இருக்குல்ல, அது கட்டிய அடிக்கக் கெளம்பி, மூளையில இருக்கறதையும் திருடன்னு நெனச்சு அடிச்சிடும்.

— போலீசு புத்தி. திருடன விட்டுட்டு வீட்டுக்காரன அடிக்கறது.

— அதேதான்யா.

— அவளுக்குக் கட்டி இருந்துச்சா?

— அது தெரியாதுய்யா. அப்பப் பாக்கல. கட்டி இல்லாமலும் இந்த நோய் வரும். ஆனா நோய் இதுதான்.

— தெரியாதத தெரியாதுங்கற. பரவால்ல. அப்ப இத மட்டும் எப்படி நிச்சயமாச் சொல்ற?

— நீங்க கல்ல நம்புற மாதிரிதான். இந்த நோய் இருந்தா மட்டுந்தான் அந்தத் தண்ணி பச்சையா மினுங்கும். ஈயத்துக்கு மினுங்காது. பதினாறு வருஷமா, எத்தனையோ பேரு கையில, ஒரு தடவ கூட மாறாம மினுங்கிக்கிட்டு இருக்கு.

— ஒரு தடவ கூட மாறலயா?

— ஒரு தடவ கூட இல்ல.

— அவ கை ஆடாது. நான்தான் சொன்னேன்ல.

— தண்ணி குடிங்கய்யா.

— வேணாம். துப்பினாளே, அதுக்கு என்ன சொல்ற? அது எந்தப் புரதம்?

— அதுவும் அதேதான். மூஞ்சி தெரியும், ஆனா அது யாருன்னு சேதி வந்து சேராது. கிட்ட வர்றவங்கல்லாம் கொல்ல வர்ற மாதிரி இருக்கும். அதுலயும் ரொம்ப வேண்டியவங்க வந்தா இன்னும் பயமா இருக்கும்.

— நீ பாத்த மாதிரி சொல்ற.

— எங்க வீட்டுக்காரர் கையக் கடிச்சேன்யா. தழும்பு இன்னும் இருக்கு. துப்பவும் செஞ்சேன்.

— நீயா?

— ஒம்பது வருஷம் ஆச்சு. வயித்துல ஏழு மாசம். எங்க மாமியார் பேய்ன்னாங்க. எங்க அண்ணன் மனநல ஆஸ்பத்திரில சேக்கச் சொன்னாரு. ஒரு டாக்டரம்மாதான் பிடிவாதமா முதுகுத்தண்டுத் தண்ணி எடுத்து அந்த மஞ்சக் கட்டடத்துக்கு அனுப்புனாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துச்சு. கட்டிய எடுத்துட்டு மருந்து ஏத்துனாங்க. அஞ்சு வாரத்துல எங்க வீட்டுக்காரர் பேரச் சொன்னேன். அன்னைக்கு ஒரு குழியில இருந்தது நான்யா. பக்கத்துக் குழியில உங்க வீட்டுக்காரம்மா.

— புள்ள?

— பொண்ணு. கொஞ்சம் முந்திப் பொறந்துட்டா. ஒண்ணே முக்கா கிலோ.

— எந்த மிஷின்ல நிறுத்தாங்க?

— ஐயா, அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

— கேட்டிருக்கணும். ஆஸ்பத்திரித் தராசு எதுவும் நேரு கெடையாது. இப்ப எவ்வளவு?

— இருபத்தாறு கிலோ. வாய் மட்டும் தனியா பத்து கிலோ வரும்.

— தாய் மாதிரி. அப்ப நீ கையெழுத்துக்கு வரல.

— அதுக்குந்தான் வந்தேன். ஆபீசுல வேற ஆள அனுப்பறேன்னாங்க. நான்தான் போவேன்னு அடம் புடிச்சேன். நீங்க வேணாம்னாலும், இத உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகணும்னு. குடம் குடமா மருந்து குடுத்தவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டாச்சு. ஒரு சொட்டுக் குடுத்தவங்களுக்கு இன்னும் போடல.

— நான் குடுக்கலன்னு சொன்னேன்ல. எத்தன பேரும்மா உன்ன மாதிரி?

— அறுபத்தோரு பேருக்கு நோய் இருக்குன்னு சொல்லியிருக்காங்கய்யா. அதுல பதினோரு பேரு வயித்துல புள்ளையோட வந்தவங்க. எல்லாரும் பொழைக்கல. பொழைச்சவங்கதான் அதிகம்.

— இவளுக்கு மட்டும் யாரும் இல்ல, பக்கத்துக் குழியில வெக்க.

— இல்லய்யா. அவங்கதான் மொதல் ஆளு.

— அவ கடைசியா என்னப் பாத்துச் சொன்ன வார்த்த, நீ யாருடான்னு. அதோடயே முப்பத்தொரு வருஷம் தூங்கி எழுந்திருக்கேன்.

— அது கடைசி இல்லய்யா. நர்ஸ் எழுதி வெச்ச தாள நான் படிச்சேன். தண்ணி எடுத்த அன்னைக்குக் காலையில அரை மணி நேரம் தெளிவாப் பேசியிருக்காங்க. இந்த நோய்ல அப்படி நடுநடுவுல வெளிச்சம் வரும், எனக்கும் வந்துச்சு. தராசுக்காரரு எங்க, சாப்பிட்டாரான்னு கேட்டாங்களாம்.

— நான் அப்ப பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். உள்ள வரப் பயம். சாப்பிடல.

— அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— அந்தக் காகிதத்த எடு. என் பேருல எவன் விரலு வெச்சான்னு பாக்குறேன். கண்ணாடி அந்தக் கல்லுப் பெட்டி மேல இருக்கு பாரு.

— இந்தாங்கய்யா. இதுதான். கீழ ஓரத்துல.

— வெளிச்சத்துக்குக் காட்டு.

— ரேகை நடுவுல கொஞ்சம் அழிஞ்சிருக்குய்யா. பழைய காகிதம், மை சரியா ஒட்டல போல.

— மை நல்லாத்தான் ஒட்டியிருக்கு. உன் பையில மை டப்பா இருக்கா?

— இருக்குய்யா. ஆனா அவசரமில்ல, திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. யோசிச்சு வைங்க.

— யோசிக்க என்ன இருக்கு? அழியல பொண்ணே அது, ஈயம் விழுந்த எடம். அவளே வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கா, நான் பக்கத்துல சாட்சிக்கு வெக்கிறேன், மைய எடு.