காவல் போட்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பாய்த்தோணி ஓட்டப்போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளர் என்று பேச்சிலிருந்து தெரிந்த இளைஞர், பக்கத்திலிருந்த தாடிக்காரரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்:

"காக்கா, போன வருசம் நீங்கதான் முதலாவதா வந்தீங்க. அதாலதான் இந்த முறை ஒங்களுக்கு ஓட்டம் இல்ல."

பிழை செய்தவனை நிறுத்திவைப்பார்கள். வென்றவனை நிறுத்துவதை அன்றுதான் கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறாய்? பெருநாள் முடிய வாற மூணு ஓட்டத்திலயுமா?"

"ஓம், மூணிலயும். நீங்க காவல் போட்டுல நிக்கணும். தோணி கவிழ்ந்தா ஆக்களத் தூக்கிறதுக்கு."

"அதுக்குப் பாய் பிடிக்கத் தெரியாத ஆரையும் போடு."

"தெரியாதவன் தோணி கவிழ்ந்த பிறகுதான் காணுவான். நீங்க காத்து மாறக்குள்ளேயே கண்டுடுவீங்க."

நிந்தவூரில் ஆட்கள் ஏறினார்கள்.

"இது கிளப் எடுத்த முடிவா?"

"இல்ல காக்கா. ஓடப்போற ஆக்கள்ட வீட்டுப் பொம்புளைகள் கேட்டது. நீங்க நிண்டாத்தான் அவங்கள கடலுக்கு விடுவாங்களாம்."

"ஆரு முதல் கேட்டது?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கட வீட்டிலதான், எங்கட மதினி. அவட தம்பியும் இந்த வருசம் புதுசா ஓடுறானே."

தாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாய்ந்தமருதில் பஸ் நின்றது. அவர் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தக் காவல் போட் இஞ்சின், ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகுதா?"