உங்கள் இடம் உறுதியாகிவிட்டது

தேநீரில் ஆடை படிந்தால் எனக்குப் பிடிக்காது. அந்த வெள்ளிக்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு அதை எடுத்துப் போடக்கூட நேரமில்லை. ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே உள்ள கடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் அது இணையதளத்தில் ஏறியாக வேண்டும். தொலைபேசியில் நவமணி அக்கா காத்திருந்தார்.

"அவசரப்படாதே தம்பி. தப்பா அடிச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டாதே."

"அஞ்சு நிமிஷம் அக்கா."

இன்ஸ்பெக்டர் ஜாஹிர், தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். நன்றி. என் பெயர் குகன். இணையதளங்கள் செய்வது தொழில். பாகான் டாலாமில் உள்ள ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் மையத்துக்கு நான்தான் தளம் செய்தேன். அங்கே இடம் காலியானால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் செய்தி போகும். மறுநாள் நண்பகலுக்குள் அவர் தளத்தில் 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. தொலைபேசியில் சொல்வது செல்லாது. சிபாரிசு புகுந்துவிடக் கூடாது என்று மையம் வைத்த விதி. நல்ல விதி.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை, பலருக்குக் கண்ணையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி தளத்தை மாற்றச் சொன்னார்கள். அவர்களுக்காகத் திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் வாய்விட்டு வாசிக்கும். மவுஸ் கிடையாது, விசைப்பலகைதான். சோதித்துப் பார்க்க நவமணி அக்காவைக் கேட்டேன். எங்கள் பிளாட்டில் நான்காவது மாடி. முன்பு ஹோட்டலில் தொலைபேசி ஆப்பரேட்டர். ஏழு வருடமாகப் பார்வை இல்லை. தனி ஆள். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

முதல் நாளே என் வேலையைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"என்ன தம்பி, படம் படம் படம்னே சொல்லுது. என்ன படம், உன் கல்யாணப் படமா?"

"மையத்தோட கட்டடம் அக்கா."

"அப்போ அதைச் சொல்லச் சொல்லு லா. நான் என்ன ஜோசியக்காரியா?"

இரண்டு வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு என் தளத்தைக் கேட்டேன். லேப்டாப்பின் திரையை அக்கா எப்போதும் இருட்டாகவே வைத்திருப்பார். யார் பார்க்கப் போறா, கரண்ட் வீண் என்பார்.

ஒரே ஒரு பக்கத்தை அவரால் சோதிக்க முடியவில்லை. இடம் கிடைத்தவருக்கு மட்டுமே திறக்கும் பக்கம் அது.

வியாழன் நண்பகல் அவருக்கே செய்தி வந்தது. தனியார் மையத்தில் அவர் பணம் கட்டியிருந்த தவணை அன்றோடு முடிந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு படுத்தவர், வெள்ளி காலைதான் எழுந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பட்டனை அழுத்துறேன், ஒண்ணும் பேச மாட்டேங்குது. பன்னெண்டுக்கு முடிஞ்சிரும் லா."

அப்போதுதான் நான் லேப்டாப்பைத் திறந்தேன். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அவர் குரல் மாறியது.

"ஆ, பேசிருச்சு. 'உங்கள் இடம் உறுதியாகிவிட்டது, அழைப்புக்குக் காத்திருங்கள்.' நீ நல்லா இருக்கணும் தம்பி."

பன்னிரண்டு மணிக்கு இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போனது.

உங்கள் கணினி அதிகாரி ஹஸ்ருல் கண்டுபிடித்தது சரி. அந்தப் பொத்தான் மவுஸுக்கு மட்டும்தான் வேலை செய்தது. விசைப்பலகையில் அழுத்தினால் மையத்துக்கு எதுவும் போகாது. பார்வை உள்ளவன் செய்கிற தவறு அது. என் கை எப்போதும் மவுஸில் இருக்கும், எனக்குத் தெரியவே இல்லை. தானியங்கிச் சோதனையும் முழு மதிப்பெண் கொடுத்தது. பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். பொத்தான் சொன்னதைச் செய்கிறதா என்று பார்க்காது. கவனக்குறைவு என்று அவர் எழுதியிருக்கிறார். மரியாதையான சொல்.

திங்கட்கிழமை, அக்காவின் பக்கத்து வீட்டு ஷாஹிரா லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அக்காவுக்குக் கால் வீங்கிப் போச்சு. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கிறாங்க. 'குகன் செஞ்சது லா, பொய் சொல்லாது, இன்னிக்குக் கூப்பிடுவாங்க'ங்கிறாங்க. கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க," என்றேன்.

சனி முதல் புதன் வரை அக்கா அந்தப் பொத்தானை முப்பத்தொரு முறை அழுத்தியிருக்கிறார். தளத்தின் பதிவில் நேரம் நேரமாக இருக்கிறது. திரையில் 'கெடு முடிந்தது' என்று சிவப்பில் இருந்தது. திரைதான் இருட்டு. காதுக்கு முப்பத்தொரு முறையும் அதே வாக்கியம். கடைசியாகப் புதன் மாலை நான்கு பத்துக்கு. வியாழன் காலை ஷாஹிரா அக்காவின் கதவைத் தட்டினாள். திறக்க ஆள் இல்லை.

பட்டியலில் இரண்டாவது பெயர் சாந்தினி. என் மனைவி. முப்பத்து நான்கு வயது. அது தற்செயல் என்று உங்களிடம் சொன்னாள், அப்படித்தான் நம்புகிறாள். இப்போது வாரம் மூன்று நாள் பாகான் டாலாம் போய்வருகிறாள். முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. அக்காவுக்காகத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் மோட்ச விளக்கு ஏற்றினாள். படியேற முடிகிறது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், பிறகு அதற்காகவே அழுதாள்.

"அக்கா ஏங்க அழுத்தாம விட்டாங்க?" என்று இறங்கும்போது கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டால் அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். ஆனால் நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அது தவறாகப் பதிவாகக் கூடாது.

அந்தப் பொத்தானைச் சரிசெய்ய ஒரு வரி போதும். பதினொன்று முப்பத்தெட்டுக்கு எழுதி முடித்துவிட்டேன். அழுத்தியதும் குரல் பேச இன்னொரு வரி. அதையும் எழுதினேன். இரண்டும் கண்ணெதிரே இருந்தன. அக்கா தொலைபேசியில் மெதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வேண்டுதலாக இருக்கும். நான் முதல் வரியை அழித்துவிட்டு, இரண்டாவதை மட்டும் ஏற்றினேன். பிறகு தேநீரைக் குடித்தேன்.

பட்டன் பேசவில்லை என்றுதான் அக்கா சொன்னார், இன்ஸ்பெக்டர். பேச வைத்தேன். அவர் கேட்டதில் நான் எதையும் குறைக்கவில்லை.