லாரிக்குப் பின்னால் நின்றவருக்கு

பணி நிறைவு பெறும் மோட்டார் வாகன ஆய்வாளர் திருமிகு தேவஇரக்கம் அவர்களுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்வு மைதானத்தில் வண்டியும் வெயிலுமாகக் கிடக்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல்.

கறாரிலும் கனிவு காத்தவரே! காக்கிக்குக் களங்கம் வராமல் கழற்றி வைப்பவரே! கையெழுத்துப் போடக் கை நீட்டாத கண்ணியமே! இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார்கள் மற்றப் பள்ளிக்காரர்கள். சொன்னதில் பொய் இல்லை, அதனால் வாய் கூசவில்லை.

இதை வாசிக்கும் சமுத்திரம் நான், அதிகாரி எவரையும் நம்பாதவன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குச் சட்டம் என்பது ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லும் பேச்சு. நீங்கள் அப்படி இல்லை. கனரக உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டபோது, நாங்கள் உட்காரும் வேப்பமரத்தடிக்கே வந்து சொன்னீர்கள்: "படிக்கலன்னு திருப்பி அனுப்புன பயலுக இருப்பானுகல்லா, அம்புட்டுப் பேரையும் கூப்பிடுங்க."

லாரியைப் பின்னோக்கி எடுக்கும் தேர்வுக்கு மற்ற ஆய்வாளர்கள் கம்பு நடுவார்கள். உங்கள் வழக்கம் வேறு. நீங்களே போய் நிற்பீர்கள். கேட்டால், "கம்பை இடிச்சா கம்புதானேன்னு போயிருவான். ஆளு நின்னாத்தான் கண்ணாடியப் பாப்பான்" என்பீர்கள்.

என் மனைவி வெள்ளைத்தாய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். உரிமத்தின் தேதி பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். தேதி முடிந்தும் ஐந்து வருடம் தவணை உண்டு என்ற பழைய சட்டத்தை நம்பி, ஒன்றரை வருடம் கழித்துப் புதுப்பிக்க வந்தேன்.

"சட்டம் மாறிட்டு அண்ணாச்சி. இப்ப ஒரு வருசந்தான். தாண்டிட்டா மறுபடி ஓட்டிக் காட்டணும்."

"நான் ஓட்டக் கத்துக் குடுக்கறவன் சார்."

"பொறவு என்ன? ஓட்டுங்க."

அன்று உங்களைத் திட்டாத திட்டில்லை. உரிமம் போனால் பயிற்சி லாரி போய்விடும். பிழைப்புக்கு வேறு வழியில்லை. காலையில் எழுந்து நாலு ஆளோடு பேச, இந்த மைதானத்தை விட்டால் வேறு இடமும் இல்லை. என்னிடம் படித்த அலெக்ஸ் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கத்தினான்: "ஏலே, ஆசானுக்கே டெஸ்டாம்ல!"

நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும், நீங்கள் லாரிக்குப் பின்னால் போய் நின்றீர்கள். "தெரியுதேனா அண்ணாச்சி?"

தெரியவில்லை. கண் கலங்கிக் கிடந்தது. "செத்த நேரம் இருங்க சார்" என்றேன். வேறு யாராயிருந்தாலும் ஓரமாக விலகியிருப்பார். நீங்கள் நகரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கண்ணாடி நிறைய நீங்கள்தான்.

"இப்ப தெரியுதீக சார்."

"அப்ப வாங்க."

வெள்ளைத்தாய்க்குப் பிறகு என்னை நம்பி நின்ற ஆள் நீங்கள் ஒருவர்தான். புது உரிமம் தபாலில் வந்தது. வீடு பூட்டிக் கிடந்ததால் திரும்பிப் போனது. அதைப் பிறகு ஆபீசில் போய் வாங்கிக்கொண்டேன். வாங்கிப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.

இனிமேல் ஆளுக்குப் பதில் கேமராவே தேர்வு பார்க்கும் தடம் வருமாம். கேமரா நன்றாகவே பார்க்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அது வண்டிக்குப் பின்னால் வந்து நிற்காது.

அய்யனார் கோவில் அருவிகூடச் சில மாதம் வற்றும். உங்கள் உடம்பும் உள்ளமும் வற்றாமல், பேரன் பேத்தி சூழப் பல்லாண்டு வாழ்க! வாயடைத்துப் போகாமல் பேச்சுத்துணையோடு வாழ்க!

கூட்டம் முடிந்ததும் ஜீப்பைத் தேட வேண்டாம். லாரியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இத்தனை வருடம் பின்னால் நின்றீர்கள். இன்று பக்கத்தில் உட்காருங்கள். ராஜபாளையத்தில் உங்கள் வீடு வரைக்கும்தான். மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

இப்படிக்கு,
தேர்வு மைதானத்துப் பயிற்சியாளர்கள் அனைவருக்குமாக,
சமுத்திரம்