இருபதாவது நிமிடம்

அப்பா: மெல்லடா... மெல்ல. அது தோளு, கப்பலோட அடித்தகடு இல்ல.

தேரிம்: கையை இன்னும் கொஞ்சம் தூக்குப்பா. அக்குள்ல தேய்க்க முடியல.

அப்பா: இதுக்கு மேல போகாது. ஒரு வாரமா இவ்வளவுதான் போகுது.

தேரிம்: போன மாசம் போன்லயும் ஒரு வாரமாத்தான்னு சொன்ன.

அப்பா: அப்போ ஒரு மாசமா வச்சுக்க. தலைக்கு மேல கப்பல் தகடு, அண்ணாந்து பத்து மணி நேரம் வெல்டிங்... நீ அடிச்சுப் பாரு, தெரியும்.

தேரிம்: எவ்வளவு அழுக்கு! உருண்டு உருண்டு வருது.

அப்பா: அழுக்கா? இரும்புடா. சேர்த்து வச்சா ஒரு படகு கட்டலாம். சரி, ஏன் நின்னுக்கிட்டே குனிஞ்சு தேய்க்கறே? அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரேன்.

தேரிம்: பரவாயில்ல.

அப்பா: பொதுக் குளியல் கூடத்துல குள்ள முக்காலியில உட்கார வெட்கமா? பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரன் ஆயிட்டான்!

தேரிம்: நிக்கறதே நல்லாருக்குப்பா... கையைக் காட்டு.

மேங்: அடடே! யாரு இது? நம்ம ‘இருபது நிமிஷம்’ தேரிமா? ஊருக்கு எப்போடா வந்தே?

தேரிம்: வணக்கம் மாமா. நேத்து சாயங்காலம்.

அப்பா: வாங்க மேஸ்திரி. இன்னிக்கு ஷிப்ட் இல்லையா?

மேங்: லீவு போட்டேன்யா. இடுப்பு நிமிரல. வெந்நீர்ல ஊறினாத்தான் இனி ஆள் ஆவேன். டேய் தேரிம், உன்னை டிவியில பார்க்கணும்னா நான் சோத்துத் தட்டோட ஓடி வர வேண்டியிருக்கு. கிம்ச்சி ஊறுகாயை எடுத்துட்டு வர்றதுக்குள்ள உன் நம்பரைப் பலகையில தூக்கிடறானுங்க.

தேரிம்: சட்டம் அப்படி மாமா.

மேங்: சட்டம் தெரியும்டா. இருபத்திரண்டு வயசுக்குள்ள ஒரு பையனை முதல் பதினோரு பேர்ல இறக்கணும். இறக்கினா வெளிய எடுக்கக் கூடாதுன்னா எழுதியிருக்கு? எடுத்துடறான். கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிட்டு, சாப்பிடாமப் போற மாதிரி.

அப்பா: இந்த வருஷம் இருபத்தொன்பது ஆட்டம் மேஸ்திரி. இருபத்தொன்பதுலயும் முதல் ஆளா இறங்கியிருக்கான்.

மேங்: இறங்கினான் சரி. நின்னானா?

அப்பா: அந்த இருபது நிமிஷத்துல நாலு கோலுக்குப் பாஸ் கொடுத்திருக்கான். நடுவுல அவன் நின்னாத்தான் பந்து ஒழுங்கா நகருதுன்னு பேப்பர்ல போட்டான். படிச்சீங்களா?

மேங்: படிச்சேன்யா. நீதான் வெட்டி எடுத்துட்டு வந்து சாப்பாட்டு வேளையில ஒவ்வொரு மேசையா காட்டினியே. அதுல பாதி குழம்பு சிந்திப் போச்சு.

தேரிம்: அப்பா...

அப்பா: என்ன அப்பா? நாளைக்கு முதல் பிரிவுக் கிளப்புல கூப்பிட்டிருக்கான், மேஸ்திரி. காலையில உடல் பரிசோதனை, மத்தியானம் கையெழுத்து. சொல்லேண்டா.

தேரிம்: பரிசோதனை சரியா வந்தாத்தான் கையெழுத்து.

மேங்: அப்படிப் போடு! இன்னும் எத்தனை வருஷம் அந்தச் சின்னப் பையன் கணக்குல வருவே?

தேரிம்: அடுத்த வருஷம் மட்டும். அதுக்கப்புறம் என்னைக் கட்டாயம் இறக்கணும்னு எவனுக்கும் இல்ல. கட்டாய ராணுவ சேவைக்கும் கூப்பிட்டுடுவாங்க.

மேங்: அப்போ நாளைக்கு விட்டா...

தேரிம்: விட்டா அவ்வளவுதான் மாமா.

மேங்: ஏன் விடுவே? நீ ஆடினதை நான் பார்த்தவன்டா. ரெண்டாம் வருஷப் பொடியன், பள்ளிக்கூட அணியில. கடைசி வருஷப் பசங்க எல்லாம் உன்னைவிட ஒரு முழம் உயரம். நீ இல்லாட்டி அந்தக் கோடைப் போட்டியில கால் இறுதியே தாண்டியிருக்க மாட்டானுங்க.

தேரிம்: உங்க பையன் எப்படி இருக்காரு? ஹ்யோசப் அண்ணன்?

மேங்: அவன் பந்தை விட்டு மூணு வருஷம் ஆச்சு. பூசான்ல காப்பிக் கடையில பாலுக்கு நுரை அடிக்கறான்.

அப்பா: நல்ல வேலைதானே மேஸ்திரி.

மேங்: நல்ல வேலைதான். ஆனா முதல் நாலு அணிக்குள்ள வந்தாத்தான் எங்க பசங்களுக்குப் பல்கலைக்கழகத்துல இடம்னு நாங்க எல்லாம் அன்னைக்கு எப்படித் துடிச்சோம்! அஞ்சு வீட்டு அப்பன்மாரும் பேரிக்காய்ப் பெட்டியோட உன் வீட்டுக்குப் போய், தரையில மண்டி போட்டு... டாக்டர் அவ்வளவு சொல்லியும் உங்கப்பன்தான்...

அப்பா: மேஸ்திரி, அந்த ஓரத் தொட்டியில இப்பத்தான் வெந்நீர் விட்டிருக்காங்க. போய் இடத்தைப் பிடிங்க.

மேங்: என்னய்யா, விரட்டறே?

அப்பா: இடுப்புக்குச் சொன்னேன்.

மேங்: சரி சரி... நாளைக்கு நல்லபடியா முடியட்டும்டா. முடிஞ்சதும் எனக்குப் பன்னி சூப்பு வாங்கித் தரணும், மறக்காதே.

தேரிம்: வாங்கித் தரேன் மாமா.

அப்பா: முதுகைத் தேய்ச்சது போதும். தண்ணி ஊத்து.

தேரிம்: டாக்டர் என்ன சொன்னாரு?

அப்பா: எந்த டாக்டர்?

தேரிம்: மாமா சொன்னாரே இப்போ.

அப்பா: அவரு உளறுவாரு. முப்பது வருஷம் சுத்தியல் சத்தம் கேட்டு மண்டை கலங்கிப் போச்சு.

தேரிம்: அந்தக் கோடைப் போட்டிக்கு முன்னாடி முட்டியில ஊசி போட்டப்போ சவ்வு வீக்கம்னுதானே சொன்ன? பத்து நாள்ல சரியாயிடும்னு?

அப்பா: வீக்கம்தான். ஊத்துடா, குளிருது.

தேரிம்: வெந்நீர்க் குளத்துப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டுக் குளிருதாம்... அப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

அப்பா: பொண்ணு விவகாரமா?

தேரிம்: பொண்ணா இருந்தா சந்தோஷமா சொல்லியிருப்பேன்.

அப்பா: பின்ன?

தேரிம்: நாளைக்கு ஸ்கேன் படம் எடுக்கப் போறது வலது முட்டியைத்தான். அதுல என்ன வரும்னு எனக்குத் தெரியும். நானே ஆகஸ்ட்ல ரகசியமா எடுத்துப் பார்த்துட்டேன். உள்ள எலும்பும் எலும்பும் உரசுது. முக்காலியில உட்கார்ந்தா எழுந்திரிக்க ஆள் வேணும். அதான் நின்னுக்கிட்டே தேய்ச்சேன்.

அப்பா: இப்போ ஆடற கிளப்புக்குத் தெரியுமா?

தேரிம்: கோச்சுக்கு மட்டும். இருபதாவது நிமிஷம் என்னை வெளிய எடுக்கறது சட்டத்துக்காக இல்லப்பா. மத்த பசங்களுக்கு அது சட்டம். எனக்கு... நானே பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டுவேன். அதுக்கு மேல கால் மடங்காது. அந்தச் சட்டம் இருந்ததால எவனும் கேட்கல. நீயும் கேட்கல.

அப்பா: இருபத்தொன்பது ஆட்டமும்?

தேரிம்: இருபத்தொன்பதும்.

அப்பா: நான் அந்தப் பேப்பரை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு...

தேரிம்: காட்டினதுல ஒண்ணும் பொய் இல்ல. அந்த இருபது நிமிஷம் நிஜமாத்தான் ஆடினேன்.

அப்பா: நாளைக்குப் போகப் போறியா?

தேரிம்: தெரியல. அந்த மெஷின்ல படுத்துட்டா படமே காட்டிக் கொடுத்துடும். முன்னாடியே போய் நானே சொல்லிட்டா ஒருவேளை... என்ன ஒருவேளை? எவன் உடைஞ்ச காலை வாங்குவான்? வருஷக்கணக்கா யோசிக்கறேன்ப்பா, எப்போ உடைஞ்சதுன்னு. நான் எந்தப் பயிற்சியில தப்பா மிதிச்சேன், எந்த நாள் உடம்பைச் சூடு பண்ணாம ஓடினேன்னு. ராத்திரி எல்லாம் என்னையே திட்டிக்குவேன்.

அப்பா: உன்னைத் திட்டிக்காதே.

தேரிம்: வேற யாரைத் திட்டறது?

அப்பா: தண்ணியைக் கீழ வை... வைடா. அந்தக் கோடைக்கு முன்னாடி உன்னைக் கூட்டிட்டுப் போனேனே, பூசான் டாக்டர், அவர் உன்னை வெளிய உட்காரச் சொல்லிட்டு என்கிட்ட ஆறு மாசம்னு சொன்னார். ஆறு மாசம் பந்தைத் தொடக் கூடாது, தொட்டா முட்டி போயிடும்னு. மேங் அப்போதான் எனக்கு மேஸ்திரி ஆகியிருந்தார். அவரே என் வீட்டுத் தரையில மண்டி போட்டு உட்கார்ந்திருக்கார், பக்கத்துல நாலு பேர், உன்னை ஆட விடச் சொல்லி. முடியாதுன்னு எனக்கு வாய் வரல. ஊசிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டது பள்ளிக்கூடக் கோச் இல்ல, நான். உன்கிட்டப் பத்து நாள்னு சொன்னதும் நான். அந்த ஆறு மாசம் ஓய்வு உன்னோடது, தேரிம். அதை நான் எடுத்து அடுத்தவன் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் உனக்குத் திருப்பித் தரல.