நான்கு விரற்கடை இடப்பக்கம்

என் மேசையில் பேனா ஸ்டாண்டு வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். பதினொரு வருடம் தினமும் காலையில் அறையைத் திறக்கும்போது அது நான்கு விரற்கடை இடப்பக்கம் தள்ளியிருக்கும். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிடுவேன். அதன் பிறகுதான் உட்காருவேன். நீங்கள் என்னை விசாரிக்கும் விஷயத்துக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரியலாம். கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளர். முப்பது வருடமாக ஆய்வேடுகள் படிக்கிறேன், அதாவது முப்பது வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்குக் கோட்பாடு என்பது இரவல் சட்டை. யாரோ பெரிய மனிதருக்குத் தைத்ததை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். தோள் தொங்கும், கை நீளும், முகத்தில் மட்டும் பெருமைக்குக் குறைவிருக்காது. முதல் அத்தியாயத்தில் ஐந்து கோட்பாடுகளை வரிசையாக அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒன்றையும் காணோம். கடைசிப் பக்கத்தில், 'மேற்கண்ட கோட்பாடுகளின் வழி இது நிறுவப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். என்ன நிறுவப்பட்டது என்று எழுதியவனுக்கே தெரியாது.

ஒருவன் சந்தை வியாபாரிகளைப் பற்றி எழுதினான். அதில் 'அதிகாரம்' என்ற சொல் இருநூற்றுப் பன்னிரண்டு முறை வந்தது. நானே எண்ணினேன். அதிகாரம் என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். "அது எல்லா இடத்துலயும் இருக்கு சார்" என்றான். அவனுக்குப் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவனால் யாருக்கும் ஆபத்தில்லை.

ஆதாரமில்லாத வரியைக் கண்டால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்விதான் எழுதுவேன்: 'யார் சொன்னது?' துறையில் எனக்குச் சிவப்பு மை என்றே பெயர். என் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் காது கேட்கும். முதல் வரைவை மாணவர்கள் அச்சிட்டுத் தர வேண்டும். நான் திருத்தி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, என்னிடமே வைத்துக்கொள்வேன். இது என் வழக்கம். இப்போது உங்கள் மேசையில் இருக்கும் தாள்கள் அப்படி என் கையில் வந்தவைதான்.

அவற்றை எழுதிய என் மாணவி துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஆய்வு செய்தாள். அலுவலகங்களையும் கல்லூரிகளையும் பெருக்கித் துடைக்கிறவர்கள், நாம் வருவதற்கு முன்பே வேலையை முடித்துப் போய்விடுகிறார்கள். வேலை சுத்தமாக இருந்தால் செய்ததே தெரியாது. தெரியாவிட்டால், ஆள் வரவில்லை என்று மேற்பார்வையாளர் வருகைப் பதிவில் கோடு போட்டுவிடுவார். அதனால் ஒவ்வொரு அறையிலும் ஏதாவது ஒரு பொருளை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். நாற்காலி, நாட்காட்டி, தண்ணீர்க் குவளை, ஏதோ ஒன்று. அவர்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'கை வச்ச அடையாளம்'.

அந்தப் பெயரையே எடுத்து அவள் ஒரு கருத்தாக்கமாக வளர்த்திருந்தாள். ஆளே தெரியக்கூடாத வேலையில் ஆள் தன்னை எப்படி விட்டுவைத்துப் போகிறாள் என்பதுதான் வாதம். நாற்பது பக்க அத்தியாயம். பெரிய மனிதர்களை அவளும் கூப்பிட்டிருந்தாள், ஆனால் கும்பிடு போடக் கூப்பிடவில்லை. நீங்கள் சொன்னது இங்கே பொருந்துகிறது, இங்கே பொருந்தவில்லை, ஏன் என்று ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேட்டிருந்தாள். கோட்பாட்டை அப்படித்தான் கையாள வேண்டும் என்று முப்பது வருடமாக வகுப்பில் கத்திக்கொண்டிருப்பவன் நான். என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. படித்து முடித்தபோது வயிறு எரிந்தது. இதை ஒளிப்பதில் பயனில்லை.

அவளைக் கூப்பிட்டேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். "யார் சொன்னது?"

"எங்கம்மா சொன்னாங்க சார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா இந்தக் கட்டடத்துலதான் சார் வேலை பாக்குறாங்க. இந்த ரூமும் அவங்கதான். உங்க பேனா ஸ்டாண்டைத் தள்ளி வைக்கிறாங்களே, அது அவங்க அடையாளம்."

ஸ்டாண்டைப் பார்த்தேன். வலது பக்கம் இருந்தது. காலையில் நான்தான் நகர்த்தியிருந்தேன்.

"அம்மாவை எல்லாம் மேற்கோள் காட்ட முடியாதும்மா. அவங்க எதையும் எழுதலையே" என்றேன்.

"அதான் சார் நான் எழுதுறேன்."

மாணவர்கள் கருத்தாக்கத்தைப் பயன்படுத்த வேண்டும், உண்டாக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். அத்தியாயத்தை நீக்கச் சொன்னேன். பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. "சேர்ந்த மாசமே அம்மாவ வேலையிலேர்ந்து நிறுத்திடுவேன் சார், முட்டி ரெண்டும் போச்சு அவங்களுக்கு" என்று முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தாள். அதை நினைவுபடுத்தி, வீம்பு வேண்டாம் என்றேன். சரி சார் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சரி சாரை நம்பினால் நம்மைப் போல முட்டாள் கிடையாது.

பத்து மாதம் கழித்து அந்த நாற்பது பக்கம் ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. என் பெயரில். 'கை வச்ச அடையாளம்' என்ற பெயர் சபையில் எடுபடாது என்பதால் 'சான்றியல் இடப்பெயர்வு' என்று மாற்றினேன். அம்மா வரும் இடங்களை எடுத்துவிட்டு 'ஒரு தகவலாளி' என்று போட்டேன். ஒரு கருத்தை நாலு பேர் கேட்க வேண்டுமானால் சொல்கிறவனுக்கு ஒரு நாற்காலி வேண்டும். என்னிடம் நாற்காலி இருந்தது, அவளிடம் கருத்து இருந்தது. பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஒருவர்கூட யார் சொன்னது என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் என் கட்டுரையைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அத்தியாயத்தை அப்படியே வைத்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். இப்போது இரண்டில் ஒன்றுதான் திருட்டாக இருக்க முடியும். நெறியாளரின் கட்டுரையிலிருந்து திருடி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள் என்று நானே புகார் எழுதிக் கொடுத்தேன். நல்ல நடையில் அமைந்த புகார், இரண்டே பக்கம்.

முதல் விசாரணையில் அவள் கணினிக் கோப்புகளைக் காட்டினாள். கணினியில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றேன். "என் வரைவு சார்கிட்ட இருக்கு, சார் தேதி போட்டுக் கையெழுத்து போட்டிருக்காங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். குழுவினர் என்னிடம் கேட்டார்கள். அப்படி எதுவும் என்னிடம் வரவில்லை என்றேன். எனக்கு முப்பது வருடப் பெயர் இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது? நம்பினார்கள். அறைக்குத் திரும்பி, அந்த நாற்பது பக்கத்தையும் நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் காலையில் கூடை காலியாக இருந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவளுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. இனி எங்கும் சேர முடியாதபடி தடையும் போட்டார்கள். அந்தக் கல்லூரி வேலை போனது. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. என் மாணவர்களிலேயே படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அதே தாள்களை செலோடேப் போட்டு ஒட்டி என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஒரு துண்டுகூடக் குறையவில்லை, ஓரங்கள் பொருந்தும்படி அவ்வளவு பொறுமையாக ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பு மையில் என் கையெழுத்து, என் தேதி. கட்டுரைக்குப் பத்து மாதம் முந்தைய தேதி. இவ்வளவு ஆதாரத்துக்கு முன்னால் மழுப்ப, நான் சந்தையைப் பற்றி எழுதிய அந்தப் பையன் அல்ல. ஆமாம், திருடியது நான். திருடி என்று அவள் மேல் பழி போட்டதும் நான். தெரிந்தே செய்தேன்.

தாள்களைக் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்ல மறுக்கிறீர்கள். எதிர் அறைப் பேராசிரியராகத்தான் இருக்கும். என் கட்டுரை வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. எப்படி நுழைந்து கூடையைக் கிளறினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கிழித்துப் போட்ட மறுநாளிலிருந்து பார்க்கிறேன். மேசையில் தூசி கிடையாது, கூடை தினமும் காலி, பேனா ஸ்டாண்டு மட்டும் நான் வைத்தபடியே வலது கைப்பக்கம் இருக்கிறது, ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த அறைக்குள் என்னைத் தவிர யாரும் வருவதில்லை.