உள்ளே ஆள் இருக்கா?

இப்போதெல்லாம் எவனும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. உங்கள் மேசையையே பாருங்கள் ஐயா. பேனா ஒரு மூலையில், மூடி ஒரு மூலையில். தேநீர்க் கோப்பையை யாருடைய வழக்குக் கட்டின் மேலோ வைத்திருக்கிறீர்கள், எடுத்தால் அடியில் வட்டம் விழுந்திருக்கும். குறை சொல்லவில்லை. உலகமே அப்படித்தான் போகிறது. எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான். ஒரு புத்தகத்தை உருவுவார்கள், நாலு பக்கம் புரட்டுவார்கள், பிறகு கைக்கு எட்டின சந்தில் செருகிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். கேட்டால், "அதான் திரும்ப வெச்சுட்டேனே தாத்தா, இன்னும் என்ன?" என்பார்கள்.

வைத்தார்களாம். நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒழித்துக்கட்ட அதை எரிக்கவும் வேண்டாம், திருடவும் வேண்டாம். இரண்டு அடுக்கு தள்ளி வைத்தால் போதும். முதுகில் ஒட்டியிருக்கிற எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அந்த எண்ணுக்குரிய இடத்தில் அது இல்லையென்றால், கட்டடத்துக்குள்ளேயே இருந்தாலும் அது செத்த புத்தகம்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் ஐந்தாவது வரை போனவன். என் மாமனார் அங்கே காவல்காரராக இருந்தார். அவர் சொல்லிப் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். பிறகு புத்தகம் அடுக்குகிற வேலைக்கு ஆள் வேண்டுமென்றார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரமாகும், ஆனால் எண் தெரியும். அதுவே போதுமென்றார்கள். அப்படித்தான் அந்தக் கட்டடத்துக்குள் கிழவனானேன்.

என் மனைவி சீக்கிரம் போய்விட்டாள். மகள் பள்ளிக்கூடம் விட்டால் நேராக நூலகத்துக்கு வந்துவிடுவாள். இரும்புப் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் வாசிப்பாள். வளர்ந்ததும், நூலகத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்றாள்.

"புத்தகம் அடுக்கறதுக்கு எதுக்கும்மா காலேஜு? நான் அடுக்கலையா?" என்று கேட்டேன்.

"நீங்க அடுக்கறீங்கப்பா. எதை எங்க அடுக்கணும்னு யாரு முடிவு பண்றது?" என்று சிரித்தாள்.

படித்து முடித்து எங்கள் நூலகத்திலேயே பயிற்சிக்குச் சேர்ந்தாள். தலைமை நூலகருக்கு நாங்கள் வைத்த பெயர் உஷ். யாராவது தும்மினால்கூட உதட்டில் விரலை வைத்து உஷ் என்பார். அவர் தும்மும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். என் மகளைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். வாசகனிடம் எப்படிக் கேள்வி கேட்பது, அவன் கேட்காததையும் எப்படி எடுத்துக் கொடுப்பது என்றெல்லாம் சொல்லித்தந்தார்.

"உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா, பாருங்க" என்றார் என்னிடம்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சும்மா யாரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள். அடுக்குகளுக்கு நடுவில் நின்றால் புத்தகங்களுக்கு மேலே ஒரு கீற்று திறந்திருக்கும். அது வழியாக அவள் மேசை தெரியும். யார் அவளிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், எவளோடு சிரிக்கிறாள், எல்லாம் தெரியும். மதியம் என்னோடுதான் சாப்பிட வேண்டும். மற்ற பெண்கள் கூப்பிட்டால் நானே போய், "அவ எங்கூடத்தான் சாப்பிடுவா" என்று சொல்லிவிடுவேன். ஒரு பையன் ஒரே புத்தகத்தைக் கேட்டுத் திரும்பத் திரும்ப வந்தான். அவன் சைக்கிளில் காற்று நிற்காதபடி பார்த்துக்கொண்டேன். தாய் இல்லாத பெண். நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

கடைசியில் நிரந்தர வேலைக்கு இடம் வந்தது. நேர்காணலுக்கு அவள் அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடிகாரம் ஓடாது. இருந்தாலும் கட்டிக்கொண்டாள். இனி சாகும்வரை ஒரே கட்டடத்தில் நானும் அவளும் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு வண்டி நிறையப் புத்தகம் அடுக்கினேன்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

உஷ் தானே அடுக்குப் பக்கம் வந்து சொன்னார். "மன்னிச்சிடுங்க. இந்தத் தடவை அமையல." என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் இருந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குற்றம் செய்தவன் அப்படித்தான் பார்ப்பான். ஏன் என்று கேட்டேன். "அது கமிட்டி முடிவு" என்றார். கமிட்டியே அவர்தான்.

என் மகள் அழவில்லை. அழக்கூட முடியாத அளவுக்கு நொறுங்கிப் போயிருந்தாள். கொஞ்ச நாளில் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். ஏதோ ஆபீஸில் வேலை என்றாள். நான் வந்து பார்க்கிறேன் என்று சொன்ன போதெல்லாம், "தங்க இடம் இல்லப்பா, நானே வரேன்" என்பாள். எப்போதாவது வருவாள். விரல் நுனியில் ஊதா மை ஒட்டியிருக்கும். என்னம்மா இது என்றால், "ஆபீஸ் மைப்பா" என்பாள். அவ்வளவு படித்த பெண் எங்கேயோ முத்திரை குத்திக்கொண்டு கிடக்கிறாள் என்று வயிறு எரியும்.

அதோடு அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று, "பொண்ணு எப்படி இருக்கா? சந்தோஷமா இருக்காளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நல்லா இருக்கா சார் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார். வேலையைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கின இடத்திலேயே தடவிப் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா? நான் பார்த்தேன், தினமும்.

அப்போதுதான் புத்தகங்களை நகர்த்தத் தொடங்கினேன். அவசரப்படவில்லை. வேண்டுமென்று யாராவது சீட்டு எழுதிக் கொடுக்கிற புத்தகத்தைக் கீழ்த்தளத்துக்குப் போய் எடுப்பேன். எடுத்து, வேறு அடுக்கில், பருமனான புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு மேலே வந்து, "இடத்துல இல்லைங்க" என்பேன். சொன்னது பொய்யில்லையே. இடத்தில் இல்லைதான்.

வருஷம் போகப் போக இல்லாத புத்தகங்கள் பெருகின. உஷ் பெரிய மைய நூலகத்துக்குத் தலைவராகப் போகப்போகிறார் என்று பேச்சு வந்த சமயத்தில், இருப்புச் சரிபார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழைய புத்தகங்கள், விலை போகிற புத்தகங்கள், ஒன்றும் இடத்தில் இல்லை. பொறுப்பு யார்? தலைமை நூலகர். பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள்.

புத்தகம் கொடுத்து வாங்குகிற இடத்தில் உட்காரும் அம்மாளை எல்லோரும் கவுண்டர் அக்கா என்போம். அவள் ஒருநாள் என் காதோடு, "உஷ் சார் வீட்ல தனியா ஒரு லைப்ரரியே நடத்தறாராமே, தெரியுமா?" என்றாள்.

"அப்படியா? யாரு சொன்னா?"

"நல்லா இருக்கே. நீங்கதானே போன வாரம் சொன்னீங்க!"

சொல்லியிருப்பேன். அது போய், சுற்றி, என்னிடமே வந்து சேர்ந்ததில் எனக்குத் திருப்திதான். அதற்குப் பிறகு அவர் உஷ் என்றால் யாரும் வாயை மூடவில்லை. ஒரு வாசகன் முகத்துக்கு நேராகவே, "மொதல்ல புத்தகத்தைக் கொண்டாங்க சார், அப்புறம் உஷ் சொல்லலாம்" என்றான். அவர் காது சிவந்ததைக் கீற்று வழியாகப் பார்த்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கு மகள் உண்டா?

கீழ்த்தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே அடுக்குகள் தண்டவாளத்தில் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல், கெட்டி இரும்பு, முழுக்கப் புத்தகம். இடம் மிச்சமாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் அடுக்கு நகர்ந்து ஓர் ஆள் நுழைகிற அளவு சந்து திறக்கும். இங்கே திறந்தால் வேறெங்கோ மூடும். எவ்வளவு கனமானாலும் சக்கரத்துக்குக் கை வலிக்காது, பல்சக்கரம் பார்த்துக்கொள்ளும். முன்பு பைண்டிங் செய்கிறவர் ஒருவருக்கு அதில் கை நசுங்கியது. அதிலிருந்து உஷ் ஒரு வழக்கம் வைத்தார். சுற்றுவதற்கு முன்னால் "உள்ளே ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சக்கரத்தைத் தொடக்கூடாது. அங்கே மட்டும்தான் சத்தம் போட அவர் அனுமதித்தார்.

தொலைந்த புத்தகங்களைத் தானே தேடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். ஒவ்வொரு அடுக்காக, பருமன் புத்தகங்களை விலக்கி, பின்னால் கைவிட்டுத் துழாவுவார். சில கிடைக்கவும் தொடங்கின.

அன்றைக்குக் காலை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். கடைசி வரிசையில் ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. அங்கே விளக்கு எரிந்தது. வழக்கப்படிக் கேட்டேன்.

"உள்ளே ஆள் இருக்கா?"

"இருக்கேன், இருக்கேன்" என்று குரல் வந்தது. பிறகு, "நீங்கதானா? நல்லதாப் போச்சு. வாங்க, இங்க வந்து பாருங்க. எல்லாமே பின்னாடிதான் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாக இருந்தது அந்தக் குரல். "யாரு வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. தப்பு என் மேலயும் இருக்கு. உங்க பொண்ணைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

என்ன சொல்லப்போகிறார்? அவளுக்குத் தகுதி இல்லை என்பார். இல்லையென்றால் அவளைப் பற்றி வேறு ஏதாவது அழுக்கு. என் மகள் பேச்சை அவர் வாயால் இன்னொரு தடவை கேட்க எனக்கு இஷ்டமில்லை.

சக்கரத்தைச் சுற்றினேன்.

சாதாரணமாகச் சுற்றுகிற வேகம்தான். அவர் முதலில், "ஆள் இருக்கேங்க" என்றார், நான் மறந்துவிட்டேன் என்பதைப் போல. அதற்குப் பிறகு சக்கரம் கொஞ்சம் இறுகியது. இறுகினால் இரண்டு கையால் சுற்ற வேண்டும். சுற்றினேன். நகராமல் இருக்க ஒரு முளை உண்டு, அதையும் இறக்கினேன். அந்த மனுஷன் கடைசியாக எழுப்பிய சத்தம் அவர் பெயர் மாதிரியேதான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு மேலே போய்த் தேநீர் குடித்தேன்.

"சாரைப் பாத்தீங்களா?" என்று கவுண்டர் அக்கா கேட்டாள்.

"கீழதான் இருப்பாரு. தேடிக்கிட்டிருப்பாரு" என்றேன். அவள் அதற்குச் சிரித்தாள்.

சாப்பாட்டு வேளை தாண்டித்தான் போய்ப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நான் இறங்கி முளையை எடுத்துவிட்டிருந்தேன். பழைய இயந்திரம் வழுக்கிவிட்டது, விபத்து என்று எழுதினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. தொலைந்த புத்தகங்கள் அவர் துழாவிய அடுக்குகளிலேயே கிடைத்தன. உடனே எல்லோரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். உத்தமர், கடமைக்காக உயிரைக் கொடுத்தவர். கவுண்டர் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "தங்கமான மனுஷன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். வாசிப்புக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். மனசாட்சி குத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். விபத்து என்று எழுதினால் அது தண்டனை ஆகாது. அவர் தண்டனை வாங்கினார், கொடுத்தவன் நான். அது எழுத்தில் இருக்க வேண்டும்.

என் மகள் வந்ததைக் கேட்டீர்கள். உங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துப் பேச விட்டீர்களே, அப்போது சொன்னாள்.

"அந்த வேலை எனக்குத்தான் கிடைச்சுதுப்பா. நான்தான் வேண்டாம்னேன். அடுக்குக்கு நடுவுல நின்னு அந்தக் கீத்து வழியா நீங்க பாக்கறது எனக்குத் தெரியும். தினம் தெரியும். மூச்சு முட்டுச்சு. எனக்குக் கிடைக்கலன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான்தான் அவர் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். இல்லன்னா என்னை விட்டிருப்பீங்களா?"

வராந்தாவில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"அவருதான் அந்த ஊர் லைப்ரரியில சொல்லி என்னைச் சேத்துவிட்டாரு. இப்ப அங்க நான்தான்பா தலைமை நூலகர். சாகறதுக்கு முந்தின வாரம்கூட எங்கிட்ட போன்ல, போதும்மா, அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்னாரு."

அவள் கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியில் ஊதா மை. புத்தகத்துக்குத் தேதி குத்துகிற மை அந்த நிறம்தான். ஆனால் எந்த ஆபீஸிலும் அந்த மை உண்டு. கடையில் யார் போனாலும் கொடுப்பார்கள்.

அவளாக இப்படிப் பேசமாட்டாள் ஐயா. நான் வளர்த்த பெண். செத்தவரை நல்லவராக்க யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெஞ்சை விட்டு எழுந்தேன். "அப்பா, ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. சொல்லிக்கொடுத்தவன் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்துவிட்டேன்.